திரையரங்குகளின் கோப்புகளையாவது காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையின் பழைய திரையரங்குகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் சில ஆண்டுகள் சினிமா உரிமங்கள் தொடர்பான கோப்புகளைக் கையாளும் இருக்கையிலும் உட்கார்ந்திருக்கிறேன். கட்டுரையில் பிழை கண்டு இதை எழுதவில்லை. இடிந்துபோன தங்கம் திரையரங்கைப் பற்றிக் கட்டுரையாளர் நாலே வரிகளில் வருந்திவிட்டு நகர்ந்துவிட்டார் என்பதால், அந்த வருத்தத்துக்கு ஒரு பயனுள்ள வேலையைச் சேர்த்துக்கொடுக்கலாமே என்றுதான் எழுதுகிறேன்.

தங்கம் திரையரங்கு 1952-ஆம் ஆண்டு தீபாவளிக்கு, சிவாஜி கணேசன் அறிமுகமான பராசக்தி படத்தோடு மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் திறக்கப்பட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் சொல்லிக்கொள்ளும்போது கேட்பவர்கள் சிரிப்பதுண்டு. ஆனால் இன்றைய வணிக வளாகத் திரைகள் பலவற்றில் இருநூறு, முந்நூறு பேர்தான் உட்கார முடிகிறது என்பதை நினைத்தால், தங்கத்தில் ஒரு காட்சி நிரம்புவதும் இன்று எட்டுப் பத்துத் திரைகள் ஒன்றாக நிரம்புவதும் சமம் என்பது விளங்கும். நாளைக்கு மூன்று காட்சி என்று வைத்துக்கொண்டாலும் ஏழாயிரத்து ஐந்நூறு பேர். ஒரு பெரிய கிராமத்தின் மக்கள்தொகை முழுவதும் காலையிலிருந்து இரவுக்குள் ஒரே வாசல் வழியாகப் போய்த் திரும்புவதாகும் அது.

அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஊரின் நடுவே இடம் எப்படிக் கிடைத்தது என்று கட்டுரையில் கேட்கப்படவில்லை. எனக்கு அதுதான் முதற்கேள்வி. மதுரைக் கோட்டையின் மதிலை 1840-களில் இடித்து அகழியைத் தூர்த்தவர் கலெக்டர் பிளாக்பர்ன். அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலம் என்று அவர் அறிவித்ததால்தான் வேலை விரைவாக நடந்தது என்பது இந்நகர வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. அவருக்குத் துணையாக அளவைப் பணியில் நின்ற பெருமாள் மேஸ்திரியின் பெயரும் மாரட்டின் பெயரும் அங்கே உருவான வீதிகளுக்கு இடப்பட்டன; பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் நிற்கிறது. ஆகவே பெருமாள் மேஸ்திரி வீதி என்பது கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கடுக்காக வளர்ந்த பழைய நகரின் பகுதியன்று; மதில் போன பிறகு முளைத்த புதிய விளிம்பு. மாசி வீதிகளுக்குள்ளே ஒரு வீட்டுமனைக்கும் அடுத்த வீட்டுமனைக்கும் நடுவே கை நுழைய இடமில்லை. விளிம்பில்தான் ஒரே பட்டாவில் பெரிய மனை கிடைக்க வழியிருந்தது. தங்கம் அங்கே எழுந்ததற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கணிப்பு.

இரண்டாவது காரணம் ரயில் நிலையம். அதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஏனென்றால் நாங்கள் சோழவந்தான்காரர்கள். என் தந்தையார் வெற்றிலைக் கொடிக்கால் வேலை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு மாலை ரயிலேறி, ஜங்ஷனில் இறங்கி நடந்தே போய் முதல் ஆட்டம் பார்த்துவிட்டு, இரவு ரயிலைப் பிடித்துத் திரும்பிவிடுவார். ரயில் தவறினால் நடைமேடையில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். சித்திரைத் திருவிழாவுக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்த எங்கள் பக்கத்துக் குடும்பங்கள், அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு முந்தைய இரவைக் கழிக்கத் தியேட்டரின் இரண்டாம் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் படத்தின் மேலுள்ள ஆசை பாதிதான் காரணம். கூரையும் மின்விசிறியும் மீதிப் பாதி. படம் ஓடும்போதே குழந்தைகள் தரை டிக்கெட் பகுதியில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்த காட்சி எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது, அவர்களில் நானும் ஒருவன் என்பதால்.

தங்கத்தைப் போலவே இந்நகரின் மற்றத் திரையரங்குகளுக்கும் அவற்றின் சுவரைவிட நீளமான கதைகள் உண்டு. சிந்தாமணி தியேட்டர் என்றால், ரிங் ரோட்டுப் பக்கமுள்ள சிந்தாமணி என்ற ஊரின் பெயரால் வந்தது என்று இன்றைய இளைஞர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது 1937-இல் தியாகராஜ பாகவதர் நடித்து வெளிவந்த சிந்தாமணி படத்தின் பெயர். அப்படத்தை எடுத்த மதுரை ராயல் டாக்கீஸார் அதில் கிடைத்த லாபத்தைக் கொண்டே ஒரு திரையரங்கைக் கட்டி அதற்குப் படத்தின் பெயரையே வைத்தார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் இயங்கிய ரீகல் டாக்கீஸ் இன்னும் விந்தையானது. பகலில் அங்கே நூலகம் நடந்ததால் படத்தை மாலையில்தான் ஓட்டினார்கள். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலப் படம். காலையில் செய்தித்தாள் படித்த இடத்திலேயே மாலையில் ஹாலிவுட் நடிகர்களைப் பார்த்த ஊர் வேறு எதுவும் தமிழ்நாட்டில் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இக்கட்டடங்கள் ஏன் போயின என்பதை நீட்டி எழுதத் தேவையில்லை. எண்பதுகளில் வீடியோ கேசட் வந்தது, தொண்ணூறுகளில் கேபிள் டி.வி. வந்தது, இரண்டாயிரம் இருக்கைகளில் இருநூறு மட்டும் நிரம்பும் நிலை வந்தபோது மின்கட்டணத்துக்கும் ஆள்கூலிக்கும் வசூல் போதவில்லை. அதே சமயம் நடுநகர மனையின் விலை ஏறிக்கொண்டே போனது. தங்கம் தொண்ணூறுகளில் நின்றது, பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது, பிறகு இடிக்கப்பட்டது, இன்று அவ்விடத்தில் பெரிய துணிக்கடை நிற்கிறது. உரிமையாளர்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. நட்டத்தில் ஓடும் கட்டடத்தை ஊர்ப்பெருமைக்காக ஒருவர் தம் சொந்தப் பணத்தில் காத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று, டிக்கெட் எடுப்பதை நிறுத்திவிட்ட நாம் எந்த முகத்தோடு கேட்பது?

சட்டமும் கைகொடுக்கவில்லை. தொன்மையான நினைவுச்சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நூறு ஆண்டு பழமையைக் கேட்கிறது. அந்தக் கணக்கில் தங்கம் 2052 வரை நின்றிருந்தால்தான் தொன்மைக்கு விண்ணப்பமே போட முடியும். தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல்தான் இயற்றப்பட்டது. அதற்குள் இந்நகரின் பெரிய திரையரங்குகள் பலவற்றின் காலம் முடிந்துவிட்டது.

எனவே எஞ்சியிருக்கும் கட்டடங்கள் அனைத்தையும் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நான் கேட்பது செங்கல்லை அன்று, காகிதத்தை.

தமிழ்நாட்டில் யாரும் தம் விருப்பப்படி ஒரு திரையரங்கைக் கட்டித் திறந்துவிட முடியாது என்பது பொதுமக்களுக்குத் தெரியும். அதற்காக எவ்வளவு காகிதம் உருவாகிறது என்பதுதான் தெரியாது. 1918-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டத்திலேயே மாவட்ட மாஜிஸ்திரேட்டின், அதாவது கலெக்டரின், உரிமம் இல்லாமல் படம் காட்டக் கூடாது என்ற விதி இருந்தது. பிறகு 1955-ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957-ஆம் ஆண்டின் விதிகளும் வந்து, நிரந்தரத் தியேட்டர், அரை நிரந்தரக் கொட்டகை, டூரிங் கொட்டகை என்று தரம் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நிபந்தனைகளை வகுத்தன. ‘சி’ படிவ உரிமம் என்று நாங்கள் சொல்லும் அந்த ஒற்றைத் தாளுக்காக, மனையின் வரைபடம், கட்டடத்தின் தளவரைபடமும் குறுக்குவெட்டு வரைபடமும், கட்டட உறுதி குறித்துப் பொதுப்பணித் துறைப் பொறியாளரின் சான்று, மின் ஆய்வாளரின் சான்று, தீயணைப்பு ஏற்பாடுகள் பற்றிய அறிக்கை, சுகாதார அறிக்கை ஆகியவை கோப்பில் சேர வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இவற்றில் சில மறுபடி வரும். இருக்கைகளை மாற்றினாலும், புதிதாக ஒரு கதவு வைத்தாலும், கூரையைத் தகரத்திலிருந்து கான்கிரீட்டுக்கு மாற்றினாலும் தனித்தனியாக அனுமதிக் கடிதம் வரும். முப்பது ஆண்டு ஓடிய ஒரு தியேட்டரின் கோப்பு நான்கைந்து தொகுதிகளாகத் தடித்துக் கிடக்கும். சுருங்கச் சொன்னால், ஒரு கோயிலுக்கோ அரண்மனைக்கோ கூட இவ்வளவு ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட வாழ்க்கை வரலாறு இந்நாட்டில் இல்லை. எழுதியவர்கள் எங்களைப் போன்ற எழுத்தர்கள் என்பதால் யாரும் அதை வரலாறு என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வரைபடங்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு அவை நிறையச் சொல்லும். பழைய தியேட்டர்களின் கேபின், அதாவது புரொஜக்டர் அறை, பார்வையாளர் பகுதியோடு ஒட்டாமல் தனி மாடிப்படியோடு நிற்பதையும், அதன் சிறு சன்னல்கள் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் தகடு ஒன்று கீழே விழுந்து மூடும்படி அமைக்கப்பட்டிருப்பதையும் வரைபடத்தில் காணலாம். காரணம், 1950-களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் மிக எளிதில் பற்றிக்கொள்வது. பற்றினால் தண்ணீரால் அணைக்க முடியாதது. தீ பிடித்தால் ஆபரேட்டர் தனிப் படியில் இறங்கித் தப்ப வேண்டும், தகடு விழுந்து புகையும் சுவாலையும் கூடத்துக்குள் வராமல் தடுக்க வேண்டும். பிலிம் மாறிப் பாதுகாப்பான அசிடேட் வந்த பிறகும் விதி மாறவில்லை, தகடும் போகவில்லை. 1979-இல் தூத்துக்குடித் திரையரங்கொன்றில் நேர்ந்த தீ விபத்தில் பலர் மாண்ட செய்தியை மறக்க முடியாத எங்கள் தலைமுறை அலுவலர்கள், ஆய்வுக்குப் போனால் முதலில் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கின்றனவா என்றுதான் தள்ளிப் பார்ப்பார்கள்.

கேபினின் கூரையில் ஒரு புகைபோக்கியும் இருக்கும். மின்விளக்கு அல்ல, இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் மின்வில்தான் அந்நாளில் திரைக்கு ஒளி கொடுத்தது. குச்சி எரிந்து குறையக் குறைய ஆபரேட்டர் அதை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அதன் புகை மேலே போக வழி வேண்டும். ஆயிரம் அடி ரீல் ஒன்று ஏறத்தாழப் பதினொரு நிமிடம் ஓடும். பதினாறாயிரம் அடிப் படம் என்றால் மூன்று மணி நேரம். ஒரு புரொஜக்டரில் ரீல் முடியும் நொடியில் அடுத்த புரொஜக்டருக்கு மாற வேண்டும் என்பதற்கு அடையாளமாகத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அதைக் கவனித்த சிறுவர்கள் தங்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் அது என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு புரொஜக்டர்களுக்கும் இடமளித்து, கூடத்தின் கடைசி இருக்கையிலிருந்து திரை தெரியும்படி தரையின் சரிவைக் கணக்கிட்டு, பால்கனியின் பாரத்தைக் கீழே பார்வையை மறைக்கும் தூண் இல்லாமல் தாங்க வைத்த பொறியாளர்களின் கணக்குகள் அக்கோப்புகளில்தான் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை.

வரைபடத்தின் இன்னொரு மூலையில் ஊரின் சமூகமே இருக்கிறது. தரை, பெஞ்சு, சேர், சோபா என்று கூடத்தைக் குறுக்கே பிரித்த தடுப்புகள். பெண்களுக்கென்று தனி டிக்கெட் கவுண்டர், தனி வழி. மணல் பரப்பிய முன்பகுதி. யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்த வாசல் வழியாக வந்தார்கள், அந்தத் தடுப்புகள் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டன என்பதையெல்லாம் ஒரு ஆய்வு மாணவர் திருத்திய வரைபடங்களை வரிசையாக வைத்தே சொல்லிவிடலாம்.

உரிமக் கோப்புக்கு வெளியே இன்னொரு புதையல் கேளிக்கை வரி ஆவணங்கள். 1939-ஆம் ஆண்டின் சட்டப்படி விற்கப்படும் டிக்கெட்டுக்கு வரி கட்ட வேண்டும் என்பதால், எந்தப் படம், எத்தனைக் காட்சி, எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட் என்ற கணக்கு நாள்தோறும் எழுதப்பட்டது. டி.சி.ஆர். என்று தியேட்டர்க்காரர்கள் சொல்லும் அந்தத் தினசரி வசூல் அறிக்கையின் பிரதி விநியோகஸ்தரிடமும் இருக்கும். இன்று எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, யாருடைய படம் அதிகம் வசூலித்தது என்று ரசிகர்கள் ஒருவருக்கொருவர் எண்களை வீசிக்கொள்கிறார்கள். மதுரை, ராமநாதபுரம் விநியோக ஏரியாவுக்கு ஐம்பதாண்டுக் கணக்கு ஒழுங்காகக் கிடைத்திருந்தால் அந்தச் சண்டையில் பாதி தீர்ந்திருக்கும். மீதிப் பாதியை யாராலும் தீர்க்க முடியாது. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததோடு பழைய முறை முடிந்து, கேளிக்கை வரி உள்ளாட்சி அமைப்புகளின் பக்கம் போனது. பழைய பேரேடுகள் யாருக்கும் தேவையில்லாத காகிதம் ஆகிவிட்டன.

எங்கள் அலுவலக மொழியில் முடிந்த கோப்புக்கு வகைகள் உண்டு. ‘ஆர்.டிஸ்.’ என்று முடித்தால் அது நிரந்தரமாகப் பதிவறையில் இருக்க வேண்டும், ‘டி.டிஸ்.’ என்றால் பத்தாண்டு கழித்து அழித்துவிடலாம். எந்த முத்திரையைக் குத்துவது என்பது பெரும்பாலும் கோப்பை முடிக்கும் எழுத்தரின், கண்காணிப்பாளரின் யோசனைதான். உரிமம் ரத்தான, கட்டடமே இல்லாமல் போன தியேட்டரின் கோப்பு இனி யாருக்குத் தேவைப்படும் என்று அவர்கள் நினைத்தால் அதில் தவறு காண முடியாது. நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் பதிவறையை ஒழுங்குபடுத்தியபோது, கழிக்கப்பட்ட கட்டுகளுக்கு நடுவே நீலநிற வரைபடச் சுருள்கள் கரையான் அரித்துக் கிடந்ததை நானே கண்டேன். ஒன்றை விரித்தேன், ஏதோ ஒரு டாக்கீஸின் பால்கனிப் படிக்கட்டு. பெயர் இருந்த மூலை போய்விட்டிருந்தது. அதையும் மற்றவற்றோடு எடை போட்டுக் கொடுத்தோம். பட்டியலில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். இந்தக் கடிதத்தை எழுத இவ்வளவு காலம் தயங்கியதற்கு அந்தக் கையெழுத்தும் ஒரு காரணம்.

கட்டடம் போனாலும் பெயர் எளிதில் போவதில்லை என்பதற்குப் பத்திரப் பதிவு அலுவலகமே சாட்சி. நிலப் பத்திரங்களில் நான்கெல்லை எழுதும்போது, இன்ன தியேட்டர் மதில் சுவருக்குக் கிழக்கு, இன்ன தியேட்டருக்குப் போகும் சந்துக்கு வடக்கு என்று எழுதுவது நம் பக்கத்து வழக்கம். பழைய பத்திரத்தைப் பார்த்தே புதிய பத்திரம் எழுதுவதால், தியேட்டர் இடிந்த பிறகும் அது எல்லையாக நின்றுகொண்டிருக்கிறது. நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் அந்த மதில் சுவர் எங்கே இருந்தது என்று அளந்து காட்ட, கலெக்டர் அலுவலகத்தில் தாக்கலான மனை வரைபடத்தைவிட நம்பத்தக்க சான்று வேறு இல்லை. சினிமாவில் ஆர்வமில்லாத அதிகாரிகளும் இந்த ஒரு காரணத்துக்காகவாவது அதை வைத்திருக்கலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மதுரை மாவட்டத்திலும் பழைய மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த திண்டுக்கல், தேனி மாவட்டங்களிலும், இயங்கும் தியேட்டர்கள், மூடிய தியேட்டர்கள், இடிந்த தியேட்டர்கள் அனைத்தின் உரிமக் கோப்புகளையும் கழிவுப் பட்டியலில் சேர்க்காமல் நிரந்தர வகைக்கு மாற்றும்படி மாவட்ட ஆட்சியர்கள் ஓர் உத்தரவு பிறப்பிக்க வேண்டும். எஞ்சியுள்ள வரைபடங்களை ஒளிப்படி எடுத்து, 2023-இல் நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பொதுமக்களும் ஆய்வாளர்களும் பார்க்கும்படி வைக்க வேண்டும். பெரிய செலவு இல்லை. ஓர் ஒளிப்படக் கருவியும், கோப்பைப் படிக்கத் தெரிந்த இரண்டு பேரும் போதும். ஓய்வு பெற்ற எங்களில் சிலர் ஊதியம் இல்லாமலே வருவோம்.

இனி இடிக்கப்படும் ஒவ்வொரு தியேட்டருக்கும் இடிப்பு அனுமதி கொடுக்கும்போதே, உள்ளும் புறமும் படமெடுத்து ஒரு பிரதியை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் மாநகராட்சி சேர்க்கலாம். உரிமையாளருக்கு அதனால் ஒரு நாள்கூடத் தாமதமாகாது.

தியேட்டர்க்காரர்களின் குடும்பங்களுக்கும், ஆபரேட்டராகவும் டிக்கெட் கிழிப்பவராகவும் இருந்த பெரியவர்களின் பிள்ளைகளுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வார்த்தை. பரணில் டி.சி.ஆர். புத்தகமோ, கட்டட வரைபடமோ, திறப்புவிழா அழைப்பிதழோ கிடந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு முறை விரித்துப் பாருங்கள். என்னிடம் என் தந்தையார் சேர்த்து வைத்த பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டும், பாதி கிழித்த டிக்கெட்டுகள் சிலவும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் தங்கம் என்ற பெயர் இன்னும் வாசிக்கும்படி இருக்கிறது. நூலகம் கேட்டால் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய்த் துறைப் பணியாளர்,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.